கடிதத்தில் 'நெக்ஸஸ்' வேண்டுமா?

கேள்வி: பல நிறுவனங்களோடு தொழில் தொடர்பு உண்டு என்று வேலை விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். காசு வாங்கித் திருத்திக் கொடுத்தவர் 'கனெக்‌ஷன்' என்பதை எடுத்துவிட்டு, இதுதான் கௌரவம் என்று 'நெக்ஸஸ்' போட்டார். அதைப் பன்மையில் 'நெக்ஸை' என்றும் ஆக்கிவிட்டார். அது கள்ளக்கூட்டைக் குறிக்கும் சொல் என்கிறாள் தோழி. எது சரி?

பதில்: அனுப்புவதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள். தோழி சொல்வது முழுக்கச் சரியில்லை, ஆனால் அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது.

லத்தீனில் 'நெக்டெரே' என்றால் கட்டுவது, பிணைப்பது. அதில் பிறந்த 'நெக்ஸஸ்' 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. 'கனெக்‌ஷன்' என்பதற்கும் அதே வேர்தான். இதில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதெல்லாம் திருத்துகிறவர்கள் கட்டிவிட்ட கதை.

பழைய ரோமில், கடனுக்குத் தன் உடம்பையே ஈடு வைக்கும் ஒப்பந்தத்துக்கு 'நெக்ஸும்' என்று பெயர். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் ஒரு சட்டம் அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டியது. இன்றைய கெட்ட வாடை அங்கிருந்து வந்ததல்ல. அரசியல்வாதிக்கும் கடத்தல்காரனுக்கும் உள்ள பிணைப்பு என்று செய்திகளில் திரும்பத் திரும்ப எழுதி எழுதி, சேர்க்கையால் கெட்டுப்போன சொல் இது. சட்டத்தில் அது இன்னும் சுத்தமாக இருக்கிறது: ஒரு விற்பனையாளரிடம் வரி கேட்க அரசுக்கு இருக்க வேண்டிய தொடர்பு, அவ்வளவுதான்.

'நெக்ஸை' தப்பு. 'கேக்டஸ்' பன்மையில் 'கேக்டை' ஆவதைப் பார்த்து இதையும் அப்படி மாற்றுகிறார்கள். லத்தீனில் 'அஸ்' என்று முடியும் சொற்களெல்லாம் ஒரே வகை இல்லை. 'நெக்ஸஸ்' வேறு வகை, 'ஸ்டேட்டஸ்' மாதிரி. அதை யாராவது 'ஸ்டேட்டை' என்கிறார்களா? லத்தீனிலேயே பன்மையும் 'நெக்ஸஸ்'தான், கடைசி உயிர் மட்டும் நீளும். ஆங்கிலத்தில் 'நெக்ஸஸஸ்' என்று எழுதலாம், இல்லை அப்படியே விடலாம்.

எனக்குக் கோபமெல்லாம் ஒருபொருட்சொல் பட்டியல்கள் மேல்தான். பத்துச் சொல்லை வரிசையாக அடுக்கிவிட்டு, எதை எங்கே போட்டால் மானம் போகும் என்று ஒரு வரி எழுத மாட்டார்கள். பள்ளிகளும் அதையே மனப்பாடம் செய்ய வைக்கின்றன. திருத்துகிறவரும் அதிலிருந்து ஒன்றை உருவி உங்களிடம் விற்றிருக்கிறார்.

சரி, கடிதத்துக்கு வருவோம். 'கனெக்‌ஷன்' கூட வேண்டாம். வேலைக் கடிதத்தில் அது சிபாரிசு போல ஒலிக்கும். எந்த நிறுவனத்தோடு, என்ன வேலை, எத்தனை ஆண்டு என்று நேராக எழுதுங்கள்.