பிளக்-இன் ஹைபிரிட் வாங்கியாச்சு, பெரிய சார்ஜர் தேவையா?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வசிக்கிறோம். 2023 மாடல் டொயோட்டா ராவ்4 பிரைம் ஒன்றைப் பழைய காராக வாங்கியிருக்கிறோம். வீட்டில் 240 வோல்ட் சார்ஜர் பூட்டாவிட்டால் இந்தக் கார் வாங்கியதில் பயனில்லை என்று விற்றவர் சொன்னார். எங்கள் வீடு பழையது, மின் பனல் (பிரேக்கர் பெட்டி) 100 அம்ப்தான். பனலையே மாற்ற வேண்டும், சில ஆயிரம் டொலர் ஆகும் என்று வந்து பார்த்தவர் சொல்லிவிட்டுப் போனார். கூடவே, இரவுக்கு மிகக் குறைந்த விலையில் மின்சாரம் தரும் திட்டத்துக்கு மாறச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். தினமும் 100 சதவீதம் சார்ஜ் செய்தால் பற்றரி கெட்டுவிடுமா? குளிர்காலத்தில் என்ன செய்வது? நாளாந்தம் வேலைக்குப் போய்வர 45 கிலோமீட்டர். பேஸ்மென்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது.

பதில்: முதலில் அந்தச் சில ஆயிரம் டொலரைப் பையிலேயே வைத்திருங்கள். உங்களுக்குக் கிடைத்த ஆலோசனையில் பாதி முழு மின்சாரக் கார் வைத்திருப்பவருக்குப் பொருந்துவது. உங்களது பிளக்-இன் ஹைபிரிட், அதாவது செருகி ஏற்றும் பற்றரியிலும் பெற்றோல் இன்ஜினிலும் ஓடுவது. அதன் பற்றரி 18.1 கிலோவாட் மணி. முழு மின்சாரக் கார்களில் இதைப்போல் மூன்று நான்கு மடங்கு பெரிய பற்றரி இருக்கும். பற்றரி சின்னது என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். சார்ஜ் விஷயத்தில் உங்களுக்கு அதுதான் வசதி.

கணக்கைப் பார்ப்போம். ஹைட்ரோ பில்லில், அதாவது மின்கட்டணச் சீட்டில், கிலோவாட் மணி என்று வருவதை ஊரில் சொல்வதுபோல் யூனிட் என்றே சொல்கிறேன். பற்றரியின் முழு அளவையும் பாவிக்க கார் விடாது, ஆகவே காலி என்று காட்டும் பற்றரியை நிரப்பச் சுவரிலிருந்து ஏறக்குறைய 15 யூனிட் போகும், அதில் 68 கிலோமீட்டர் ஓடலாம் என்பது அரசாங்கக் கணிப்பு. சாதாரண 120 வோல்ட், 15 அம்ப் பிளக்கில் தொடர்ந்து இழுக்கக் கூடியது 12 அம்ப். அதாவது மணித்தியாலத்துக்கு 1.4 யூனிட்டுக்குச் சற்று மேல். அப்படி முழுப் பற்றரியும் நிரம்ப டொயோட்டா சொல்லும் நேரம் 12 மணித்தியாலம். நீங்கள் 45 கிலோமீட்டர்தான் ஓடுகிறீர்கள், ஆகவே எட்டு மணித்தியாலம் போதும். இரவு படுக்கப் போகும்போது செருகினால் காலையில் தயார். காரோடு வந்த வயரே இதற்குப் போதும்.

240 வோல்ட் போட்டால் அதே பற்றரி நாலரை மணித்தியாலத்தில் நிரம்பும். காலை நான்கு மணிக்கு நிரம்பினால் என்ன, ஏழு மணிக்கு நிரம்பினால் என்ன, நீங்கள் புறப்படுவது ஏழரைக்குத்தானே?

பெரிய சார்ஜர் வேண்டிய ஆட்களும் உண்டு. காலையில் ஒருவர் வேலைக்கு எடுத்துப்போய் வந்து, பின்னேரம் இன்னொருவர் அதே காரில் மிசிசாகா வரை போகிறார் என்றால் இடையில் கிடைக்கும் சில மணித்தியாலத்தில் 240 வோல்ட் நன்றாக உதவும். இன்னும் இரண்டு வருடத்தில் முழு மின்சாரக் கார் ஒன்றும் வாங்கும் எண்ணம் இருந்தால் அப்போது ஒரேயடியாகப் பெரிதாகவே போட்டுவிடலாம். இரண்டும் இல்லை, ஆனாலும் 240 வேண்டும் என்று ஆசைப்பட்டால், எலக்ட்ரீஷியனிடம் 50 அம்ப் லைன் கேட்காதீர்கள். உங்கள் மாடலில் பெரும்பாலானவை உள்ளே 3.3 கிலோவாட்டுக்கு மேல் வாங்கவே மாட்டா. டெக்னாலஜி பக்கேஜ் உள்ளதுதான் 6.6 வாங்கும். 3.3-க்கு 20 அம்ப் லைன் தாராளம். அந்த அளவை 100 அம்ப் பனல் தாங்குமா என்று முறைப்படி சுமைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் பனலை மாற்றாமலே முடியும். வேலை செய்பவர் ஒன்ராறியோ உரிமம் பெற்றவரா, மின்பாதுகாப்பு ஆணையமான ஈ.எஸ்.ஏ.க்கு அறிவித்துச் செய்கிறாரா என்று கேட்பது கட்டாயம். காப்புறுதிக்காரர் பிறகு கேட்பது அப்படி அறிவித்துச் செய்ததற்கான கடதாசியைத்தான்.

சரி, 120 வோல்ட் போதும் என்றாகிவிட்டது. ஆனால் எந்த பிளக் என்பது முக்கியம், இதைத்தான் ஆட்கள் கவனிப்பதில்லை. வீட்டு பிளக்கில் கெட்டில் ஐந்து நிமிடம் கொதிக்கும், இஸ்திரிப் பெட்டி அரை மணித்தியாலம் ஓடும். கார் 12 அம்பை இரவு முழுக்க விடாமல் இழுக்கும். இருபது முப்பது வருடப் பழைய, செருகினால் தொளதொளவென்று ஆடுகிற பிளக்கில் தொடுகை சரியில்லாமல் சூடேறும், நாளடைவில் பிளாஸ்டிக் உருகும். முதல் நாள் சார்ஜில் போட்டு ஒரு மணித்தியாலம் கழித்துப் பிளக்கின் முகப்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே கழற்றிவிட்டு, அந்த பிளக்கை நல்ல தரமானதாக மாற்றச் சொல்லுங்கள். சின்னச் செலவுதான்.

எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். பனிக்காலத்தில் இன்ஜின் ஹீட்டருக்குப் போட்டுப் பழகிய வயர்தானே என்று இதற்கும் போடுகிறார்கள். அந்த ஹீட்டர் சில நூறு வாட், இது 1,400 வாட்டுக்கு மேல். வயரின் நடுவில் இருக்கும் பெட்டியும் பிளக்கிலிருந்து அந்தரத்தில் தொங்கக் கூடாது, பாரம் இழுத்து இழுத்தே பிளக் தளர்ந்துவிடும். சுவரில் ஒரு கொக்கி அடித்து மாட்டிவிடுங்கள்.

அப்புறம் கராஜில் இருக்கும் அந்தப் பெரிய ஃப்ரீசர். நம்மவர் கராஜில் மீனும் ஆட்டிறைச்சியும் நிறைந்த ஃப்ரீசர் இல்லாத வீடு குறைவு. அதுவும் காரும் ஒரே பிரேக்கரில் இருந்தால், ஃப்ரீசரின் மோட்டர் உதைத்துக் கிளம்பும் நேரத்தில் பிரேக்கர் விழும். கார் சார்ஜ் ஆகவில்லை என்பது காலையில் தெரியும். ஃப்ரீசர் நின்றது இரண்டு நாள் கழித்து மணத்தில்தான் தெரியும். பிரேக்கரை நிறுத்திப் பார்த்து எந்தெந்த பிளக் ஒன்றாகப் போகின்றன என்று முதலே அறிந்துகொள்ளுங்கள்.

இனி மின்கட்டணம். உங்கள் கேள்வியில் பணம் அதிகம் புழங்கும் இடம் இதுதான்.

ஒன்ராறியோவில் பெரும்பாலான வீடுகள் நேரத்துக்கு நேரம் விலை மாறும் டைம் ஆஃப் யூஸ் திட்டத்தில் இருக்கின்றன. வார நாட்களில் இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணி வரையும், வார இறுதி முழுவதும் மலிவு விலை. 2025 நவம்பர் விலைப்படி அது யூனிட்டுக்கு 9.8 சதம். உங்கள் நண்பர்கள் சொல்வது 2023-இல் தொடங்கிய அல்ட்ரா லோ ஓவர்நைட் திட்டம். அதில் தினமும் இரவு 11 முதல் காலை 7 வரை 3.9 சதம்தான். கேட்கக் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் அதே திட்டத்தில் வார நாட்களில் மாலை 4 முதல் இரவு 9 வரை யூனிட் 39.1 சதம். பத்து மடங்கு.

இதை உங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள். சாதாரண பிளக்கில் எட்டு மணித்தியாலத்தில் பதினொன்றரை யூனிட் ஏறும். யூனிட்டுக்கு 5.9 சதம் மிச்சம் என்றால் ஓர் இரவுக்கு 68 சதம். மறுபக்கம், மாலை நான்கிலிருந்து ஒன்பது வரை டைம் ஆஃப் யூஸில் சராசரியாக 15 சதம் அளவில் போகும் யூனிட் இங்கே 39 சதமாகிறது. ஒவ்வொரு யூனிட்டிலும் 24 சதம் நட்டம். மூன்று யூனிட்டில் இரவு மிச்சம் பிடித்தது போய்விடும். மூன்று யூனிட் என்பது எவ்வளவு? மின்சார ட்ரையரில் ஒரு தடவை துணி காயப்போடுவது ஏறத்தாழ அவ்வளவு. கோடையில் வீட்டுக்குப் பொதுவான ஏசி ஒன்று ஒன்றரை மணித்தியாலம் ஓடினாலும் அவ்வளவு வரும். வேலையால் வந்து சோறு கறி சமைப்பது, பிள்ளைகள் குளிப்பது, பேஸ்மென்ட் குடும்பமும் அதே நேரத்தில் அடுப்பைப் போடுவது, எல்லாம் அந்த ஐந்து மணித்தியாலத்துக்குள் விழும். மீட்டர் ஒன்றுதான் என்றால் அவர்கள் சமையலுக்கும் 39 சதம் கட்டப்போவது நீங்கள்.

வார இறுதியில் அந்த உச்சவிலை கிடையாது, இரவில் ஓடும் ஃப்ரிஜுக்கும் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் விசிறிக்கும் 3.9 சதமே என்பதையும் சேர்த்தால் கணக்குக் கொஞ்சம் இளகும். ஆனாலும் இரண்டு குடும்பம் இருக்கும் வீட்டுக்கு இந்தத் திட்டத்தை நான் சொல்ல மாட்டேன். பெரிய பற்றரிக் காரில் ஓர் இரவில் 40 யூனிட் ஏற்றுகிறவருக்கு அது பொன்னான திட்டம், மாலை நேரத்தில் வீட்டில் ஆளில்லாத தம்பதிக்கும் சரிவரலாம். சந்தேகம் இருந்தால் உங்கள் மின்கம்பனியின் இணையக் கணக்கில் மணித்தியால வாரியாகப் பாவனை இருக்கும். ஒரு சாதாரண வாரத்தை எடுத்து 4 முதல் 9 வரை எத்தனை யூனிட் என்று கூட்டிப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

டைம் ஆஃப் யூஸில் இன்னொரு பொருத்தம் இருக்கிறது. மலிவு நேரம் 12 மணித்தியாலம், உங்கள் பற்றரி காலியிலிருந்து நிரம்ப எடுப்பதும் 12 மணித்தியாலம். காரில் சார்ஜ் நேரத்தைக் குறித்துவைக்கும் வசதி உண்டு; இரவு ஏழுக்கு முன் தொடங்காதபடி போட்டுவிட்டால் அதற்குப் பிறகு யோசிக்கத் தேவையில்லை.

மின்சாரம் பெற்றோலை விட எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையும் சரியல்ல. பற்றரி இல்லாமல் ஓடும்போது உங்கள் கார் 100 கிலோமீட்டருக்கு 6 லீட்டர் குடிக்கும். 68 கிலோமீட்டருக்கு 4 லீட்டர், லீட்டர் 1.40 டொலர் என்று வைத்தால் 5.70 டொலர். அதே தூரத்துக்கு 15 யூனிட்டை 9.8 சதத்தில் ஏற்றினால் 1.47 டொலர், விநியோகச் செலவு, வரி, தள்ளுபடி எல்லாம் வந்துபோனாலும் பெரிதாக மாறாது. 39.1 சதத்தில் ஏற்றினால் 5.87. அதற்குப் பெற்றோலே அடிக்கலாம். வெளியில் இருக்கும் பொதுச் சார்ஜர்களிலும் இதே பொறி. மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் இடத்தில் 2 டொலர் கொடுத்தால் உங்கள் காருக்கு ஏறுவது மூன்று யூனிட் சொச்சம், அதாவது யூனிட் 60 சதம். இலவசமாகவோ வாகனத் தரிப்புக் கட்டணத்தோடு சேர்த்தோ கிடைத்தால் போடுங்கள். நெடுஞ்சாலை ஓரத்து அதிவேகச் சார்ஜர்கள் இந்தக் காருக்குப் பொருந்தாது, தேடி அலைய வேண்டாம்.

பற்றரி ஆயுள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தினமும் 100 காட்டும் வரை ஏற்றலாம். திரையில் 100 என்று வரும்போதும் பற்றரி அதன் உண்மையான உச்சத்தில் இருப்பதில்லை, 0 காட்டும்போதும் அடிமட்டத்தில் இல்லை. இரு பக்கமும் தயாரிப்பாளரே இடம் விட்டிருக்கிறார். 80 சதவீதத்தில் நிறுத்தும் பழக்கம் முழு மின்சாரக் கார்க்காரர்களிடமிருந்து வந்தது. உங்களுக்கு அது வேண்டாம், 68 கிலோமீட்டரில் ஐந்திலொன்றை வீணாக விட்டுக்கொடுப்பதாகத்தான் முடியும். கனடாவில் டொயோட்டா இந்தப் பற்றரிக்கு 10 வருடம் அல்லது 240,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறது. நீங்கள் இரண்டாவது உரிமையாளர் என்பதால், சேவிஸ் விவரங்கள் பதிவில் இருக்கின்றனவா என்று ஒரு முறை டீலரிடம் சரிபாருங்கள்.

குளிர்காலத்தில் முதலில் உங்களைப் பயமுறுத்தப் போவது இன்ஜின்தான். பற்றரி நிறைந்திருக்கும், மின்சாரத்தில்தான் போகிறீர்கள், திடீரென்று இன்ஜின் ஓடத் தொடங்கும். வெளியே -10 பாகை அளவுக்கு இறங்கினால் ஹீட்டருக்காக அப்படி நடக்கும், பழுதல்ல. ஹூண்டாய், கியா பிளக்-இன்கள் பலவற்றில் இன்னும் மோசம், லேசான குளிரிலும் ஹீட்டரைப் போட்டதும் இன்ஜின் எழும். எப்படியும் இன்ஜின் ஓடத்தான் போகிறது என்ற நாட்களில் 401 நெடுஞ்சாலையில் ஹைபிரிட் நிலையில் போய், அந்தச் சூட்டில் காரைச் சூடாக்கிக்கொண்டு, மின்சாரத்தை உள்வீதிகளுக்கு மிச்சம் பிடியுங்கள். வேகமாக ஓடும்போது மின்சாரம் கரையும், மெதுவான வீதியில்தான் அது தூரம் தரும். இன்ஜினை வைத்தே பற்றரியை நிரப்பும் வசதியும் காரில் இருக்கிறது. பெற்றோலைக் கொட்டி மின்சாரம் எடுக்கும் வேலை அது, மறந்துவிடுங்கள்.

காலையில் புறப்படுமுன் காரைச் செருகியபடியே சூடாக்குவது நல்ல பழக்கம். ஆனால் 120 வோல்டில் வரும் மின்சாரத்தை விட ஹீட்டர் அதிகம் இழுக்கும், ஆகவே பற்றரி சற்று இறங்கினால் திகைக்க வேண்டாம். ஆசனச் சூடும் ஸ்டியரிங் சூடும் மிகக் குறைவாகவே எடுக்கும். காற்றைச் சூடாக்குவதைக் குறைத்து அவற்றைப் போட்டால் சில கிலோமீட்டர் கூடக் கிடைக்கும்.

பெற்றோலை அறவே மறந்துவிடவும் கூடாது. தாங்கியில் ஒரு வருடம் கிடந்தால் அது பழுதாகும். 12 மாதத்துக்குள் 20 லீட்டராவது புதிதாக அடிக்கச் சொல்கிறது டொயோட்டா கையேடு. எண்ணெய் மாற்றுவதையும் கிலோமீட்டரை மட்டும் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள், காலக்கெடுவும் உண்டு.

விடுமுறையில் ஊருக்குப் போகிறீர்கள், கார் ஆறு வாரம் நிற்கப் போகிறது என்றால் மட்டும் தினமும் 100 வரை ஏற்றும் பழக்கத்தை மாற்றுங்கள். முழுதாக ஏற்றிவிட்டுப் போகாதீர்கள், ஆடி மாத வெயிலில் நிரம்பிய பற்றரி சும்மா கிடப்பது நல்லதல்ல. பாதியளவில் விட்டு வயரைக் கழற்றிவிடுங்கள். உண்மையில் சாகக் கூடியது அந்தப் பெரிய பற்றரி அல்ல, கதவையும் கணினியையும் எழுப்பும் சின்ன 12 வோல்ட் பற்றரி. அதற்கு, மெல்ல மெல்ல ஏற்றி இறங்காமல் வைத்திருக்கும் மெயின்டெய்னர் ஒன்று பூட்டலாம். இல்லையென்றால் பேஸ்மென்டில் இருப்பவரிடம் திறப்பைக் கொடுத்து, காப்புறுதியில் அவர் ஓட்ட இடமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.