அதே அடிதான்; அவள் எழுந்துவிட்டாள், நான் ஏன் எழவில்லை?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 38. இரண்டு பிள்ளைகளின் தாய். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த நிறுவனம், செலவைக் குறைப்பதாகச் சொல்லி எங்கள் பிரிவையே மூடிவிட்டது. என்னோடு அதே நாளில் வேலையை இழந்த தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கும் என்னைப் போலவே கடன், குடும்பம், வயதான பெற்றோர். முதல் வாரத்தில் என்னைவிட அதிகமாக அழுதவள் அவள்தான். இப்போது விண்ணப்பங்கள் அனுப்புகிறாள், நேர்காணலுக்குப் போகிறாள், கிடைக்கவில்லை என்றால் "சரி, அடுத்தது" என்கிறாள். நான் அவளுடைய அழைப்பைக்கூட இப்போது எடுப்பதில்லை.

இரவு இரண்டு, மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. "நான் உருப்படியாக இருந்திருந்தால் என்னையாவது வேறு பிரிவுக்கு மாற்றியிருப்பார்கள். இந்த வயதில் இனி யார் என்னை எடுப்பார்கள்? நல்ல தாயாகவும் இல்லை, நல்ல மகளாகவும் இல்லை" என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. சில நாள் காலையில் கண் விழிக்காமலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. "நல்லதையே நினை, எல்லாம் சரியாகிவிடும்" என்று அம்மாவும் கணவரும் சொல்லும்போது கோபம்தான் வருகிறது. அவளுக்கு இருக்கும் மன உறுதி எனக்குப் பிறவியிலேயே இல்லையா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கண் விழிக்காமலே போயிருந்தால் என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசிவிடுகிறேன். அது களைப்பில் வரும் எண்ணமா, உயிரை மாய்த்துக்கொள்ளும் யோசனையா என்பதைக் கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. நேரில் பார்க்கும் மனநல மருத்துவரால் முடியும். இந்த வாரமே ஒருவரைப் பாருங்கள். அந்த வரியைக் கணவரிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். எப்போதாவது அந்த எண்ணம் ஒரு திட்டமாக மாறினால், நள்ளிரவானாலும் அவரை எழுப்பி உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரங்களுக்கு மேல் குலைந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. நான் இங்கே எழுதுவது அதற்குத் துணை மட்டுமே.

இனி உங்கள் கோபம். அது நியாயமானது. கெட்ட எண்ணத்தை விரட்டிவிட்டு நல்ல எண்ணத்தைக் கொண்டுவந்து வைக்க மனம் அவ்வளவு எளிதில் இடம் தராது. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரிடம், வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்றும், நினைத்தால் மணியை அடிக்க வேண்டும் என்றும் சொன்னார். மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது. பிறகு தடையை நீக்கியபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடியின் நினைவு அதிகம் வந்தது. ஆகவே அந்த எண்ணங்களை விரட்டுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அவற்றைக் கூர்ந்து படியுங்கள் என்கிறேன்.

1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஏரன் பெக், மனச்சோர்வில் இருந்தவர்களிடம் பேசும்போது ஒன்றைக் கவனித்தார். அவர்கள் வாய்விட்டுச் சொல்வதற்கு அடியில், கண்ணிமைக்கும் நேரத்தில் சில வாக்கியங்கள் ஓடி மறைந்தன. யாரும் வரவழைக்காமல் தாமாக வருபவை என்பதால் அவற்றைத் தன்னியல்பு எண்ணங்கள் என்றார். அவை வந்த வேகத்திலேயே நாம் அவற்றை நம்பிவிடுகிறோம். வேலை போனது நிகழ்வு, நெஞ்சை அடைப்பது உணர்ச்சி. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாக்கியம் இருந்தது நமக்குத் தெரிவதே இல்லை. உங்களுக்கு அது தெரிந்திருக்கிறது, எழுதியும் அனுப்பிவிட்டீர்கள். பாதி வேலை அதுதான்.

மீதிப் பாதிக்கு மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளர் உதவுவார். விலங்குகளும் மனிதர்களும் முயற்சியைக் கைவிட்டு முடங்குவது ஏன் என்று ஆராய்ந்தவர் அவர். ஒருவர் தனக்கு நேர்ந்த துன்பத்தை எப்படி விளக்கிக்கொள்கிறார் என்பதில் மூன்று விஷயங்களை அவர் பார்க்கச் சொன்னார். இது என்னால் வந்ததா? என் வாழ்க்கை முழுவதையும் பிடித்ததா? எப்போதும் நீடிக்குமா? உங்கள் வாக்கியங்களை இங்கே வைத்துப் பாருங்கள். "நான் உருப்படியாக இருந்திருந்தால்" என்றால் காரணம் நீங்களே. ஆனால் மூடப்பட்டது ஒரு பிரிவு முழுவதும். திறமைசாலி என்று நீங்கள் மதிக்கும் தோழியும் அதில்தான் போனாள். "இனி யார் எடுப்பார்கள்" என்பது, இதுவரை விண்ணப்பமே போடாமல் நீங்களே எழுதிக்கொண்ட தீர்ப்பு. "நல்ல தாயும் இல்லை, மகளும் இல்லை" என்பதைத்தான் நான் மிகவும் கவலையோடு படித்தேன். வேலையில் விழுந்த அடி, அதற்குத் தொடர்பே இல்லாத அறைகளுக்குள் எல்லாம் புகுந்துவிட்டது. உங்கள் பிள்ளைகள் இதைப்பற்றி என்ன சொல்வார்கள் என்று கேட்டீர்களா?

உங்கள் தோழியின் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் "சரி, அடுத்தது" என்பவர் அந்தத் தோல்வியை அந்த ஒரு நேர்காணலோடு நிறுத்திக்கொள்கிறார். அது பிறவிக் குணமாகவே இருக்க வேண்டியதில்லை. பயிற்சியால் வரும். அப்படி வருவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

பகலில், வெளிச்சத்தில், ஒரு நோட்டில் அந்த வாக்கியத்தை எழுதுங்கள். அதை ஆதரிக்கும் சான்றை எழுதுங்கள், மறுக்கும் சான்றையும் எழுதுங்கள். இரண்டையும் நேர்மையாக. உங்கள் பக்கம் குறை ஏதாவது உண்மையிலேயே இருந்தால் அதுவும் அங்கே இருக்கட்டும். புதிய மென்பொருள் தெரியாது என்றால் கற்றுக்கொள்ளலாம், "நான் உதவாக்கரை" என்பதை வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியாது. பிறகு உங்கள் பெயரைச் சொல்லி, தோழிக்கு எழுதுவதுபோல் உங்களுக்கே நான்கு வரி எழுதுங்கள். சற்று விலகி நின்று பேசும்போது சொற்கள் மென்மையாவதை நீங்களே உணர்வீர்கள். இரவு மூன்று மணிக்கு மட்டும் இந்த விசாரணை வேண்டாம். எண்ணம் வந்தால் நோட்டில் ஒரு சொல் குறித்துவிட்டு, மாலையில் இதற்கென ஒதுக்கிய அரை மணி நேரத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

ஒன்றைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "எல்லாம் உன் எண்ணத்தில்தான் இருக்கிறது" என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது கொடுமை. சம்பளம் நின்றது உண்மை, அதற்காக அழுவது இயல்பு, கடன் தவணை நோட்டில் எழுதினால் குறையாது. மன உறுதி தனி ஆளின் தலைக்குள் மட்டும் விளைவதும் இல்லை. 1955இல் ஹவாயின் கவாய் தீவில் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, பெற்றோரின் சண்டை, வீட்டில் மனநோய் எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் அன்பும் உள்ள பெரியவர்களாக ஆனார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று, நம்பி ஒட்டிக்கொள்ள ஒரு மனிதராவது இருந்தார் என்பது.

அதனால்தான் நீங்கள் அந்த அழைப்பை எடுக்காதது எனக்கு உறுத்துகிறது. தோழியிடம் பேசுங்கள். நிராகரிப்புக் கடிதம் வந்த அன்று மாலை தனக்குள் என்ன சொல்லிக்கொள்கிறாள் என்று கேளுங்கள். அவளுடைய இரவுகள் எப்படி என்றும் கேளுங்கள். அவளுக்கும் அது சுலபமாக இருக்காது என்றே நினைக்கிறேன். மருத்துவரைப் பார்த்த பிறகு, அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
ஆலோசகர்