கேளுங்க, சொல்றோம்: கோச்சை மட்டும் ஏன் தூக்குகிறார்கள்?

ஃபுட்பால் டீம் தோற்றால் உடனே கோச்சை வேலையை விட்டுத் தூக்கிவிடுகிறார்கள். ஆட்களை எடுத்ததும் அவர்தானா? மற்றவர்களுக்கு அங்கே என்னதான் வேலை?
– ஒரு வாசகர், சின்னத்துறை

படகு மீன் இல்லாமல் கரைக்கு வந்தால் உங்கள் ஊரில் முதலில் ஏச்சு வாங்குவது யார்? படகை ஓட்டிப் போகிற ஸ்ராங்குதானே. ஐஸும் டீசலும் குறைத்து ஏற்றிவிட்டவரை யாரும் கேட்பதில்லை. கிளப்பிலும் ஏறக்குறைய அதே கதைதான். 'இடது பக்கம் ஓடுறதுக்கு ஒரு ஆள் வேணும்' என்று கோச் கேட்கலாம், ஆனால் ஊர் ஊராய்ப் போய் ஆளைத் தேடுவது ஸ்கவுட், ஆட்டக்காரரின் ஏஜெண்டிடம் பேரம் பேசுவது ஸ்போர்ட்டிங் டைரக்டர், பணத்துக்குச் சரி சொல்வது முதலாளி.

'சென்னையின் எஃப்.சி.' என்கிற சென்னை கிளப்பையே பாருங்கள். 2019-20 சீசன் நடுவில் கோச் ஜான் கிரிகரி போய் ஓவன் காயில் வந்தார், கடைசிப் பக்கம் கிடந்த டீம் ஏறக்குறைய அதே ஆட்களோடு இறுதிப் போட்டி வரை போய், கோவாவில் ஆளில்லாத மைதானத்தில் கொல்கத்தா கிளப்பான ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றது. (அந்த ஏ.டி.கே.யில் நம்ம இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ்! யாருக்குக் கை தட்டுவது என்று எனக்கே குழப்பம்.) கோச் மாறினால் பலன் உண்டு, சரி. ஆனால் அதே காயில் அடுத்த சீசனே ஜாம்ஷெட்பூர் கிளப்புக்குப் போய், 2021-22-இல் அவர்களுக்கு லீக் ஷீல்டு (புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தால் கிடைப்பது) வாங்கிக் கொடுத்தார். 2023-இல் சென்னை அவரைத் திரும்பக் கூப்பிட்டது. அவரைத் தக்கவைக்காமல் விட்டது ஆபீஸ் கணக்கில்தானே வரும்? கேலரியில் இருந்து ஆபீசைப் பார்த்துக் கத்துகிற ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கால் முட்டு போய்விட்டது, இனி ஆட முடியாது. கோச் ஆகலாமா?
– ஒரு வாசகர், வள்ளவிளை

ஆகலாம் தம்பி. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸில் தொடங்கி சி, பி, ஏ, அப்புறம் புரோ வரை ஏற வேண்டும், வருடக்கணக்கில் ஆகும். கோச் வேலை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். எதிரணியின் கார்னர்களை வெட்டி ஒட்டி வீடியோ தயாரிப்பவர் இருக்கிறார், பிசியோ இருக்கிறார். கிட் மேன் எல்லோருக்கும் முன்னால் போய் நம்பர் பார்த்துச் சட்டை, நிக்கர், சாக்ஸ் எடுத்து வைப்பார், மழை என்றால் அடியில் நீளக் குமிழ் (ஸ்டட்) வைத்த பூட்ஸையும் வெளியே எடுப்பார். ஊர் டோர்னமென்ட்டில் நோட்டும் கையுமாக ரெஃபரிக்கு டீ சொல்லி, வசூல் எழுதி, ஆம்புலன்ஸுக்குப் போன் போட்ட அனுபவம் இருக்கிறதா? இருந்தால் ஆபீஸ் வேலையில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.