பழைய கான்கிரீட் சுவத்துல ஆங்கர் போல்ட்டுக்கு ஓட்டை போடறேன், ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல இறங்கவே மாட்டேங்குது, என்ன பண்றது?

நீங்க சொன்னது இதுதான்: பழைய கான்கிரீட் சுவர், ஹேமர் மோடு இருக்கிற சாதா டிரில் மிஷின், 10 எம்.எம். பிட், ரெண்டு சென்டிமீட்டர் போச்சு, அப்புறம் நின்னுடுச்சு, பிட் நுனி கறுத்துப் போச்சு, இன்னும் அழுத்தணுமா இல்ல காஸ்ட்லியான பிட் வாங்கணுமான்னு கேக்கறீங்க. ரெண்டும் வேணாங்க. மிஷின மாத்துங்க.

இத நான் தைரியமா சொல்றதுக்குக் காரணம் நானும் இதே கூத்த அடிச்சிருக்கேன். வீட்ல ஒரு புல்-அப் பார் (தொங்கி உடம்பத் தூக்கற கம்பி) மாட்டணும்னு ஆசை, ரெண்டு பிராக்கெட், ஒண்ணுக்கு நாலு போல்ட், மொத்தம் எட்டு ஓட்டை. காலைல ஆரம்பிச்சா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்னு நெனச்சேன். மத்தியானம் வரைக்கும் ஒன்றரை ஓட்டை, ரெண்டு பிட் காலி, அன்னிக்கு ராத்திரி பேனா புடிச்சா கை நடுங்குது. அந்த அரை ஓட்டை எங்க நின்னுச்சோ அங்க ஒரு ஜல்லி இருந்தது, பிட் அத ஒடைக்கவே இல்ல, தேச்சு தேச்சு பாலிஷ் போட்டு வெச்சிருந்தது, டார்ச் அடிச்சுப் பாத்தா பளபளன்னு இருக்கு!

ஏன் அப்படி ஆகுதுன்னா, நம்ம வீட்டு ஹேமர் டிரில்லுக்குள்ள பல்லு வெச்ச ரெண்டு வட்டு ஒண்ணு மேல ஒண்ணு உரசி ஓடும், அந்தப் பல்லு ஏறி எறங்குறதுதான் அடி. நிமிஷத்துக்கு 40,000, 50,000 அடின்னு பெட்டில போட்டிருப்பாங்க, பாக்க பெருசா இருக்கும், ஆனா ஒவ்வொரு அடியும் கொசுக்கடி மாதிரி. அதுவும் நீங்க எவ்ளோ அழுத்தறீங்களோ அவ்ளோதான் அதுல பலம். செங்கல்லுக்கு, சிமென்ட் பூச்சுக்கு இது தாராளம். ஜல்லி குறுக்க வந்தா சுத்துறது மட்டும்தான் நடக்கும், உடைக்கிறது நடக்காது. அப்ப நீங்க இன்னும் அழுத்துவீங்க, சூடு ஏறும், பிட் நுனில இருக்கிற கார்பைடுங்கிற ரொம்பக் கெட்டியான துண்டு தனியா செஞ்சு இரும்புல பற்றவெச்சது, சூடு அதிகமானா அந்தப் பற்று விட்டுடும், நுனி மழுங்கும் இல்லன்னா தனியா கழண்டு உள்ளயே தங்கிடும். உங்க பிட் கறுத்ததுக்கு அதான் காரணம், அத இனிமே பூச்சுல ஓட்டை போட வெச்சுக்கோங்க.

பழைய கான்கிரீட் மட்டும் ஏன் இப்படிப் படுத்துதுன்னா, சிமென்ட் 28 நாள்ல கெட்டியாகி நின்னுடறதில்ல, அது கணக்குக்கு வெச்ச நாள்தான், உள்ள ஈரம் இருக்கிற வரைக்கும் வருஷக் கணக்குல மெதுவா இறுகிக்கிட்டே போகும். அதனால பழசுன்னா தொளதொளன்னு இருக்கும்னு நெனச்சு போனோம்னா ஏமாந்துடுவோம். (மேல் தோல் மட்டும் கெட்டுப் போயிருக்கலாம், அது வேற கதை, கீழ சொல்றேன்.)

ரோட்டரி ஹேமர்னு ஒரு மிஷின் இருக்கு, கட்டட வேலை செய்றவங்க வெச்சிருப்பாங்க, அத ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுங்க, வாங்கணும்னு அவசியமில்ல. அதுக்குள்ள ஒரு பிஸ்டன் காத்த அமுக்கி, அந்தக் காத்து ஒரு குண்டத் தூக்கி பிட் பின்னாடி அடிக்கும். நிமிஷத்துக்கு 4,000, 5,000 அடிதான், ஆனா ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு ஜூல் (அடியோட பலத்துக்கு அதான் அளவு), சம்மட்டி போடற மாதிரி. எனக்கு மூணு மணி நேரத்துல வராத ஓட்டை இதுல ஒரு நிமிஷத்துக்குள்ள வந்துச்சு, சத்தியமா சிரிப்பு வந்துடுச்சு. இதுக்கு பிட் தனி, எஸ்.டி.எஸ். ப்ளஸ்னு கேளுங்க, பின்பக்கம் காடி வெட்டியிருக்கும், மாட்டினதும் முன்ன பின்ன கொஞ்சம் ஆடும், நான் மொதல்ல மிஷின் ரிப்பேர்னு நெனச்சு வாடகைக்குக் குடுத்தவருக்கே போன் போட்டேன், அது அப்படித்தான் ஆடணுமாம், ஆடினாத்தான் அடி வாங்கும். பின்பக்கத்துல துளி கிரீஸ் தடவிக்கோங்க. அழுத்தாதீங்க, சும்மா நேரா புடிச்சுக்கிட்டாப் போதும், அழுத்துனா அடி குறையும். சைடு கைப்பிடிய கண்டிப்பா மாட்டுங்க, கான்கிரீட்டுக்குள்ள இருக்கிற இரும்புக் கம்பில பிட் மாட்டிக்கிச்சுன்னா மிஷின் சுத்தும், மணிக்கட்டு போயிடும்.

வாடகைக்கு கிடைக்கவே கிடைக்காது, ஒண்ணு ரெண்டு ஓட்டைதான்னா ஒரு வழி இருக்கு. 5 இல்லன்னா 6 எம்.எம்.ல ஆரம்பிச்சு, 8, அப்புறம் 10ன்னு போங்க, நடு நடுவுல பிட்ட வெளிய எடுத்து ஆற விடுங்க, எங்க நிக்குதோ அங்க ஒரு பழைய உளிய இல்லன்னா கெட்டி ஆணிய உள்ள விட்டு சுத்தியல்ல நாலு போடு போட்டு அந்த ஜல்லிய விரிசல் விட வெச்சுட்டு மறுபடி டிரில் பண்ணுங்க. பொறுமை இருந்தா ஆகும். சூடு ஆறட்டும்னு ஓட்டைக்குள்ள தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, கையில கரன்ட் மிஷின் இருக்கு, தூசியும் சேறாகி உள்ள அப்பிக்கும்.

சரி, ஓட்டை விழுந்துடுச்சு, வேலை முடிஞ்சதுன்னு நெனச்சேன். என் மொத ஆங்கர் நட்ட முறுக்க முறுக்க சுத்திக்கிட்டே இருந்தது, அப்புறம் ஒரு கை அகலத்துக்கு பூச்சப் பேத்துக்கிட்டு வெளிய வந்துடுச்சு. என்ன தப்புன்னா நான் 60 எம்.எம். ஆழம் போட்டது சுவர் மேல்பரப்புல இருந்து. அதுல 20 எம்.எம். பூச்சு. கான்கிரீட்டுக்குள்ள இருந்தது வெறும் 40. ஆங்கர் பெட்டில போட்டிருக்கிற ஆழம் கான்கிரீட் எங்க ஆரம்பிக்குதோ அங்கிருந்து கணக்கு, பூச்சுக்கு மார்க்கு கிடையாது. எங்க ஆரம்பிக்குதுன்னு தூசியே சொல்லும், பூச்சுல மாவு மாதிரி சுலபமா கொட்டும், கான்கிரீட்டுக்குள்ள போனதும் சத்தம் மாறும், தூசி நிறமும் லேசா மாறும், அந்த இடத்துல நிறுத்தி அளந்துக்கோங்க. அதுக்கு மேல ஆங்கர் ஆழம், அதுக்கும் மேல ஒரு 10 எம்.எம். தூசி தங்கறதுக்கு. மொத்தத்தையும் கூட்டி பிட்ல ஒரு டேப்ப சுத்திக்கோங்க. பூச்சு தட்டுனா தொம் தொம்னு காலியா கேட்டுச்சுன்னா பிராக்கெட் உக்கார்ற அளவுக்கு பூச்ச கொத்தி எடுத்துட்டு கான்கிரீட் மேலயே உக்கார வைங்க, நான் கடைசில அதத்தான் பண்ணேன்.

இப்ப கம்பி. சுவர்ல ஓட்டை போடறதுக்கு முன்னாடி ஒரு பலமான சின்ன காந்தத்த நூல்ல கட்டி சுவர ஒட்டி மெதுவா நகத்திப் பாருங்க, கம்பி மேலாக்க இருந்தா இழுக்கும், ஆழத்துல இருந்தா தெரியாது, ஸ்கேனர் கிடைச்சா இன்னும் நல்லது. எனக்கு மூணாவது ஓட்டைல கம்பி பட்டுச்சு. நல்லா எறங்கிட்டிருந்த பிட் டக்குனு நிக்கும், சத்தம் டொக் டொக்ல இருந்து கிணுகிணுன்னு மாறும், தூசியோட மினுமினுன்னு இரும்புத்தூள் வரும். அப்ப ஹேமர நிறுத்திடுங்க, விடாம அடிச்சா கார்பைடு நுனி சில்லு சில்லா போகும். கம்பிய வெட்டிட்டுப் போயிடலாம்னு யாராவது சொல்வாங்க, தூண்லயும் பீம்லயும் அது கூடவே கூடாது. ஓட்டைய தள்ளிப் போடுங்க. எவ்ளோ தள்ளின்னா, விட்டுட்ட ஓட்டையோட ஆழத்தப் போல ரெண்டு மடங்கு தூரம், இல்லன்னா அந்த ஓட்டைய சுருங்காத கிரவுட்டோ (சிமென்ட் கலவை) எபாக்ஸி பசையோ போட்டு நல்லா அடைச்சுட்டு பக்கத்துல போடலாம். இன்னொண்ணு, சில அடுக்குமாடிகள்ல ஸ்லாப்புக்குள்ள இழுத்துக் கட்டின கேபிள் ஓடும், அந்த மாதிரி ஸ்லாப்பா இருந்தா கேக்காம தொடவே தொடாதீங்க. சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலயும் கீழயும் வயர் போயிருக்கும், அங்கயும் வேணாம்.

எந்த ஆங்கர்னு நீங்க கேக்கல, ஆனா கேக்க வேண்டிய கேள்வி அதான். ஓட்டைக்குள்ள சொருகி ஸ்க்ரூ முறுக்குவோமே, ராவல் ப்ளக்னு சொல்றோமே, அது 1911ல ஜான் ஜோசப் ராலிங்ஸ்ங்கிறவர் காப்புரிமை வாங்குன சரக்கு, அவர் பேர்ல இருந்துதான் அந்தப் பேரே வந்துச்சு, மொதல்ல சணல் நார்ல செஞ்சாங்க, இப்ப நாம பாக்கிற நைலான் ப்ளக்க 1958ல ஆர்தர் ஃபிஷர் கொண்டு வந்தார். போட்டோ ஃபிரேமுக்கு, சின்ன அலமாரிக்கு அது போதும். ஆள் தொங்கற வேலைக்கு எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஒரு கணக்கு சொல்றேன். 75 கிலோ ஆளு, சுவர்ல இருந்து 60 சென்டிமீட்டர் வெளிய நிக்கிற பார். பிராக்கெட்ல மேல் போல்ட்டுக்கும் கீழ் முனைக்கும் 25 சென்டிமீட்டர். 75 x 60 / 25, அதாவது மேல் போல்ட்டுங்க எல்லாம் சேந்து 180 கிலோ இழுவை தாங்கணும், அதுவும் ஆள் ஆடாம அசையாம தொங்குனா! எகிறிப் புடிச்சா அத ரெண்டால பெருக்கிக்கோங்க. ஆளோட எடைய மட்டும் பாத்து போல்ட் வாங்கறதுலதான் நெறைய பேர் கோட்டை விடறாங்க.

கான்கிரீட் கெட்டியா இருந்தா வெட்ஜ் ஆங்கர் நல்லா புடிக்கும், எம்10 போல்ட்டுக்கு, அதாவது 10 எம்.எம். விட்டம் இருக்கிற போல்ட்டுக்கு, 10 எம்.எம். ஓட்டைதான். ஸ்லீவ் ஆங்கர்னா ஸ்லீவோட, அதாவது போல்ட்ட சுத்தி இருக்கிற குழாயோட, வெளி அளவு என்னவோ அதுதான் ஓட்டை, உள்ள இருக்கிற போல்ட் அளவு இல்ல, இதுல ஏமாறாதீங்க. இது ரெண்டும் உள்ள விரிஞ்சு கான்கிரீட்ட நெட்டித் தள்ளித்தான் புடிக்குது, அதனால சுவர் ஓரத்துல போட்டா ஓரமே பேந்துடும். ஓரத்துல இருந்து குறைஞ்சது போல்ட் விட்டத்துல அஞ்சு மடங்கு, போல்ட்டுக்குப் போல்ட் பத்து மடங்குன்னு பழைய ஆளுங்க சொல்ற கணக்கு, முழு பலம் வேணும்னா அதுக்கும் மேல தள்ளணும். ஓரம் கிட்டயே வந்துதான் ஆகணும்னா கெமிக்கல் ஆங்கர், அதாவது ஓட்டைக்குள்ள பசை போட்டு போல்ட்ட ஒட்டறது, அதுல விரியற வேலை இல்ல, ஓட்டை மட்டும் ஒரு சைஸ் பெருசு, எம்10க்கு 12.

கெமிக்கல் போட்டீங்கன்னா சுத்தம் பண்றதுதான் பாதி வேலை. ஊதணும், ஓட்டை சைஸுக்கு ஏத்த கம்பி பிரஷ்ஷ விட்டுத் தேய்க்கணும், ஊதணும், மறுபடி தேய்க்கணும், ஊதணும், தூசி வர்றது நிக்கிற வரைக்கும். தூசி மேல ஒட்டுன பசை தூசியோட வந்துடும், அவ்ளோதான். வாயால ஊதாதீங்க, நான் ஊதிட்டு அரை மணி நேரம் கண்ணக் கழுவிட்டு இருந்தேன், கைல அமுக்கற ஊதி ஒண்ணு இருக்கு. அந்தத் தூசில சிலிக்கா இருக்கு, நுரையீரல்ல போய் உக்காந்தா வெளிய வராது, துணி கட்டுனா போதாது, என்95 மாதிரி மாஸ்க், கண்ணாடி, காதுக்கு ப்ளக், மூணும் போட்டுக்கோங்க.

மேல் தோல் கதை சொல்றேன்னேன்ல. வருஷம் ஆக ஆக காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடு கான்கிரீட்டுக்குள்ள போய் அதோட காரத்தன்மையக் குறைக்கும், காரம் போனா உள்ள கம்பிக்குப் பாதுகாப்பு போச்சு, ஈரம் பட்டா துரு, துரு ஏறுன கம்பி பருத்து மேல் கான்கிரீட்ட வெளிய தள்ளும். அதனால வேலைய ஆரம்பிக்கும்போதே சுத்தியல்ல அந்த இடம் முழுக்க தட்டிப் பாருங்க. டங் டங்னு வந்தா போடுங்க. தொம்முனு வந்தாலோ, கம்பி ஓடற வாக்குல விரிசலோ துருக்கறையோ இருந்தாலோ அங்க எந்த ஆங்கரும் நிக்காது, மொதல்ல அத ரிப்பேர் பண்ணுங்க.

ஆங்கர அடிச்சு எறக்கும்போது நட்ட மரை முனை வரைக்கும் திருகி வெச்சுட்டு அடிங்க, மரை நசுங்காம இருக்கும். முறுக்கறது பெட்டில என்ன டார்க் (முறுக்கு விசையோட அளவு) போட்டிருக்கோ அவ்ளோதான், மூச்சப் புடிச்சு முறுக்குனா கான்கிரீட் உள்ள நொறுங்கும் இல்ல போல்ட் அறுந்துடும். முறுக்குன இறுக்கம் நாள் ஆக ஆக தானாவே தளரும், அது சகஜம், ஒரு நாள் கழிச்சு அதே டார்க்ல ஒரு தடவை செக் பண்ணுங்க. நான் மொத வாரம் பார்ல தொங்கவே இல்ல, மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டேன், வீட்ல எல்லாரும் சிரிச்சாங்க.

நீங்க சுவர்ல என்ன மாட்டப் போறீங்கன்னு கேள்வில சொல்லல. எடை எவ்ளோ, சுவர்ல இருந்து எவ்ளோ வெளிய நிக்கும், பூச்சு எத்தன எம்.எம்.னு கமென்ட்ல போடுங்க, எந்த சைஸ் போல்ட் சரியா வரும்னு பாத்து சொல்றேன்.