ஸ்பேஸ் ஜாம் இரண்டாம் பாகம், முதல் பாகத்துக்கு ஈடாக இருக்கிறதா?

இல்லை. ஆனால் பலரும் சொல்கிற காரணங்களுக்காக இல்லை. இரண்டாவது படத்தின் நாயகனான கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸுக்கு நடிக்க வரவில்லை என்கிறார்கள். கணினி வரைகலை அதிகம் என்கிறார்கள். கூடைப்பந்தை நெருக்கமாகப் பின்தொடர்கிறவன் என்ற முறையில் எனக்குப் படும் குறை வேறு. முதல் படம் ஒரு வீரனின் நிஜ வாழ்க்கையின் மேல் நிற்கிறது. இரண்டாவது படத்தின் அடியில் அப்படி எதுவும் இல்லை.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1996-இல் வந்த முதல் படத்தில் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன், 2021-இல் வந்த இரண்டாவது படத்தில் லெப்ரான். இருவரும் தாங்களாகவே தோன்றுகிறார்கள். பக்ஸ் பன்னி, டாஃபி டக் என்ற கார்ட்டூன் பாத்திரங்களின் கூட்டத்தோடு சேர்ந்து ஒரு கூடைப்பந்துப் போட்டியில் வென்றே ஆக வேண்டும் என்பதுதான் இரண்டிலும் கதை.

முதல் படம் வந்தபோது பார்வையாளர்களுக்கு என்னவெல்லாம் தெரிந்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1993 ஜூலையில் ஜோர்டனின் தந்தை கொலை செய்யப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில், தொடர்ந்து மூன்று முறை சாம்பியன் பட்டம் வென்றிருந்த நிலையில், ஜோர்டன் ஓய்வை அறிவித்தார். தந்தை ஆசைப்பட்ட பேஸ்பாலை ஆடப் போனார். 1994-இல் பர்மிங்காம் பேரன்ஸ் என்ற கீழ்நிலை அணிக்காக ஆடி, அந்தப் பருவம் முழுவதிலும் மூன்றே ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) அடித்தார். 1995 மார்ச்சில் கூடைப்பந்துக்குத் திரும்பினார். இடையில் கழிந்த பதினேழு மாதங்களில் அவர் ஏன் போனார், ஏன் வந்தார் என்பதற்குக் கார்ட்டூன் உலகத்திலிருந்து ஒரு விளக்கம் கொடுக்கிறது படம்.

அதனால்தான் முதல் காட்சி என்னை ஒவ்வொரு முறையும் அசைத்துவிடுகிறது. இரவு நேரம், வீட்டின் பின்புறம் சிறுவன் மைக்கேல் வளையத்தில் பந்து போட்டுக்கொண்டிருக்கிறான். தூங்கப் போகச் சொல்லத் தந்தை வருகிறார். பெரியவனானதும் என்னவெல்லாம் ஆடப்போகிறேன் என்று மகன் அடுக்குகிறான். அப்பாவைப் போலப் பேஸ்பாலும் ஆடுவேன் என்கிறான். அந்தத் தந்தை உயிரோடு இல்லை என்பதைப் படம் எங்கும் சொல்லிக் கண்ணீர் வரவழைக்கவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறது. நகைச்சுவைப் படத்தில் இந்த அடக்கம் அபூர்வம்.

கதையின் முடிச்சும் அந்த நிஜத்தில்தான் விழுகிறது. வேற்றுக்கிரகத்துக் குள்ளர்கள் கார்ட்டூன்களைச் சிறைபிடிக்க வருகிறார்கள். அவர்கள் உயரம் குறைவு என்பதால், பிழைக்க வழி தேடிய பக்ஸ் பன்னி கூட்டம் கூடைப்பந்துப் போட்டிக்கு அழைக்கிறது. உடனே குள்ளர்கள் என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் ஐந்து வீரர்களின் திறமையைத் திருடி அரக்கர்களாகிவிடுகிறார்கள். ஜோர்டனின் திறமை மட்டும் ஏன் தப்பியது? அவர் அப்போது பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார். நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தி இங்கே கதையின் அச்சாணி ஆகிவிட்டது. எதிரணியின் கேட்சரே (அடிப்பவருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) அடுத்து வரும் பந்து எது என்று அவருக்கு ரகசியமாகச் சொல்லிக் கொடுக்கும் பேஸ்பால் காட்சி ஒன்று இருக்கிறது. உலகின் தலைசிறந்த வீரன் இன்னோர் ஆட்டத்தில் தடுமாறுவதைப் பார்த்து எல்லோரும் பரிவு காட்டுகிறார்கள், அதுவே அவருக்குச் சங்கடம். அருமையான நகைச்சுவை.

திறமையை இழந்த ஐவர் இன்னும் அருமை. சார்ல்ஸ் பார்க்லி தெருவோர ஆடுகளத்தில் சிறுமிகளிடம் தோற்று விரட்டப்படுகிறார். இனிக் கெட்ட வார்த்தை பேசமாட்டேன் என்று தேவாலயத்தில் வேண்டுகிறார். பேட்ரிக் யூயிங், லாரி ஜான்சன், ஏழரை அடி ஷான் பிராட்லி, ஐந்தடி மூன்று அங்குல மக்ஸி போக்ஸ் என ஐந்து பேரும் மருத்துவர்களிடம் மாட்டிக்கொண்டு விழிக்கிறார்கள். யாரும் தொழில்முறை நடிகர் இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் மைதானத்தில் என்ன பெயர் இருந்ததோ, அதைத் தலைகீழாக்கித்தான் சிரிக்க வைக்கிறார்கள்.

லெப்ரானிடமும் இப்படி ஒரு கதை தயாராக இருந்தது. சொந்த ஊரான ஆக்ரனுக்குப் பக்கத்திலுள்ள கிளீவ்லாந்து அணியை விட்டு மயாமிக்குப் போவதாக 2010-இல் தொலைக்காட்சி நேரலையில் அறிவித்தார். ரசிகர்கள் அவர் பெயர் போட்ட சட்டைகளை எரித்தார்கள். 2014-இல் திரும்பி வந்தார். 2016 இறுதிச் சுற்றில், அந்தப் பருவத்தில் 73 ஆட்டங்களை வென்றிருந்த கோல்டன் ஸ்டேட் அணியிடம் ஒன்றுக்கு மூன்று ஆட்டங்கள் என்று பின்தங்கி, அங்கிருந்து பட்டத்தைப் பிடுங்கினார். 1964-க்குப் பிறகு அந்த நகரத்தின் பெரிய விளையாட்டு அணி எதற்கும் கிடைக்காத பட்டம் அது. ஊர் வெறுத்ததும், ஊர் மன்னித்ததும், திரும்பி வந்ததும் இருந்தும் படம் அதைக் கதையாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாறாக, வீடியோ கேம் உருவாக்க ஆசைப்படும் டோம் என்ற கற்பனை மகனையும், அவன் கூடைப்பந்துதான் ஆட வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் தந்தையையும் படைத்தார்கள். முதல் படத்தில் ஜோர்டனின் குழந்தைகளை நடிகர்கள் ஏற்று நடித்தாலும் பெயர்கள் நிஜப் பெயர்கள். இங்கே பெயர்களும் கற்பனை, பிரச்சினையும் கற்பனை. கண்டிப்பான அப்பா, கனவுகாணும் பிள்ளை என்ற கதைக்கு லெப்ரானே தேவையில்லை. எந்த நடிகரை வைத்தும் எடுத்துவிடலாம். அவரைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2015-இல் வந்த 'ட்ரெயின்ரெக்' படத்தில் இதே மனிதர், தானாகவே வந்து அழகாகச் சிரிக்க வைத்தார். எழுத்து கைகொடுத்தால் அவரால் முடியும்.

ஆட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதல் படத்தில் வளையம், கடிகாரம், புள்ளி எல்லாம் நமக்குத் தெரிந்த கூடைப்பந்துதான். பாதி ஆட்டத்தில் 66-18 என்று பின்தங்கியவர்கள், கடைசியில் 78-77 என்று வெல்கிறார்கள். ஜோர்டனின் கை ரப்பராக நீளும்போது கூட, ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம், நேரம் முடிகிறது என்ற பதற்றம் நமக்குள் இருக்கிறது. இரண்டாவது படத்தில் நடப்பது மகன் உருவாக்கிய வீடியோ கேம். பாணிக்குத் தனிப் புள்ளி உண்டு, விதிகள் போகப்போகத்தான் தெரிகின்றன. கார்ட்டூன் பன்றி போர்க்கி பிக் ராப் பாடினாலும் புள்ளி ஏறுகிறது. நூற்றுக்கணக்கில் புள்ளிகள் குவியும்போது, ஒரு பந்து உள்ளே போவதற்கு என்ன மதிப்பு? எந்தக் கட்டத்திலும் எனக்கு நெஞ்சு படபடக்கவில்லை.

முதல் படமும் விளம்பரத்திலிருந்து பிறந்ததுதானே என்று கேட்கலாம். உண்மைதான். 1992-இல் ஜோர்டனும் பக்ஸ் பன்னியும் சேர்ந்து நடித்த நைக்கி விளம்பரம்தான் விதை. அதை எடுத்த ஜோ பிட்காதான் படத்தின் இயக்குநரும். ஜோர்டன் விளம்பரம் செய்த பொருட்களையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் வசனம் கூட இருக்கிறது. ஆனால் அது ஒரு வசனம், சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இரண்டாவது படத்தில் கதை நடக்கும் இடமே படத்தைத் தயாரித்த வார்னர் நிறுவனத்தின் படக் கிடங்கு. 'காசாபிளாங்கா', 'மேட்ரிக்ஸ்' என ஒவ்வொன்றாக நுழைந்து வெளியே வருகிறார்கள். மைதானத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்திலும் பழைய படங்களின் பாத்திரங்கள். கண் ஆட்டத்தில் நிற்காமல் கூட்டத்தில் அலைகிறது. முதல் படம் 88 நிமிடம், இது 115 நிமிடம். அந்த நீளம் தெரிகிறது.

இரண்டாவது படத்தில் எனக்கு உண்மையாகவே பிடித்தவையும் உண்டு. லெப்ரான் கையால் வரைந்த கார்ட்டூனாக மாறி விழும் பகுதியும், வெறிச்சோடிய ஊரில் பக்ஸ் பன்னி தனியாக இருப்பதும் நன்றாக வந்திருக்கின்றன. அங்கே கோடுகளில் துள்ளல் இருக்கிறது. போட்டிக்காக எல்லோரையும் முப்பரிமாண உருவங்களாக்கியதும் அது போய்விடுகிறது. முதல் படத்தில் பெரும்பாலும் பக்ஸ் பன்னியின் காதலியாகவே நின்ற லோலா பன்னிக்கு இதில் சொந்த விருப்பமும் வேலையும் கிடைத்திருக்கின்றன. வில்லனாக வரும் டான் சீடில் சலிக்காமல் உழைத்திருக்கிறார். வசூலை வைத்து இரண்டையும் ஒப்பிடுவது மட்டும் சரியில்லை. கொரோனா காலத்தில், அமெரிக்காவில் திரையரங்கிலும் ஓடிடியிலும் ஒரே நாளில் வெளியான படம் அது.

என்னோடு பார்த்த என் அக்கா மகனுக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. ஜோர்டன் யாரென்று அவனுக்குத் தெரியாது. டோமின் வீடியோ கேம் ஆசை அவனுக்கு நன்றாகப் புரிந்தது. அதை நான் மறுக்கவில்லை. நீங்கள் குழந்தைகளோடு பார்ப்பதாக இருந்தால், முதல் படத்தை முதலில் போடுங்கள். போடும் முன், ஜோர்டன் ஓய்வு பெற்றதையும் பேஸ்பால் ஆடப் போனதையும் ஐந்து நிமிடம் கதையாகச் சொல்லிவிடுங்கள்.