1118 என்பது எந்த ஆண்டு?

கேள்வி: மறைந்த என் கணவரின் வெற்றிலைச் செல்லத்துக்குள் ஐந்து பொருள்கள் இருந்தன. 1918 என்று பொறித்த வெள்ளிப் பதக்கம் ஒன்று. 1919 என்று பொறித்த வெண்கலப் பதக்கம் ஒன்று. இரண்டும் அவருடைய தாத்தா முதல் உலகப் போரில் பட்டாளத்தில் இருந்ததற்காகப் பெற்றவை என்பார்கள். மாதா உருவமும் 1830 என்ற எண்ணும் கொண்ட, எடையே இல்லாத முட்டை வடிவப் பதக்கம் மூன்றாவது. சங்கு பொறித்த 1118ஆம் ஆண்டு வெள்ளிக்காசும், கிழக்கிந்தியக் கம்பெனியின் 1818ஆம் ஆண்டு ராமர் அரையணாவும் மற்றவை. அரையணா மட்டும் என் கணவர் ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கியது. அதை இருபது லட்சத்துக்கு எடுத்துக்கொள்வதாகவும், முன்பணமாக 4,500 ரூபாய் பதிவுக் கட்டணம் அனுப்ப வேண்டும் என்றும் ஒருவர் தொலைபேசியில் கூறுகிறார். இவற்றைத் துலக்கி, குவைத்தில் இருக்கும் மூத்த மகனுக்கும் நாகர்கோவிலில் இருக்கும் இளையவனுக்கும் பிரித்துக் கொடுத்துவிடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திங்கள்சந்தை

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, முதலில் அந்த 4,500 ரூபாயை அனுப்பாதீர்கள். பழைய நாணயங்களை விற்றுத் தருவதாகச் சொல்லிக் கட்டணமும் வரியும் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. நம் ஊர்ப்பக்கம் ‘ரைஸ் புல்லிங்’ செம்பு, இரிடியம் கலசம் என்று சொல்லிப் பணம் பறித்த கூட்டத்தின் வழிமுறையும் இதுவேதான்: பொருளுக்கு நம்ப முடியாத விலை சொல்வது, பிறகு சிறு தொகை ஒன்றை முதலில் கேட்பது.

அந்த அரையணாவைப் பொறுத்தவரை, கிழக்கிந்தியக் கம்பெனி 1818இல் ராமர் பட்டாபிஷேகம் பொறித்த அரையணா எதையும் வெளியிடவில்லை. அந்த ஆண்டில் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்கள் தனித்தனி நாணய முறைகளைப் பின்பற்றிவந்தன. கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே சீரான நாணயம் வந்தது 1835இல்தான். அனுமன், லட்சுமி முதலிய உருவங்களோடு 1616, 1717, 1839 என்றெல்லாம் ஆண்டு பொறித்து விற்கப்படும் செப்பு வில்லைகளும் இதே வகையைச் சேர்ந்த பிற்காலத் தயாரிப்புகளே. பக்தர்கள் பூஜையறையில் வைப்பதற்காக அடிக்கப்பட்ட உண்மையான ராமடங்காக்கள் வேறு. அவை நாணயம் என்று வேடம் போடுவதில்லை, அவற்றைச் சேகரிப்பதும் நல்ல துறைதான். உங்கள் வில்லையை உங்கள் கணவரின் நினைவாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் அதற்கு மதிப்பில்லை.

உங்கள் ஐந்து பொருள்களிலும் எண்களே குழப்பம் தருகின்றன. பொறித்திருக்கும் ஆண்டு, அடிக்கப்பட்ட ஆண்டாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை என்பதைச் சேகரிப்பில் இறங்குகிறவர் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

மாதா பதக்கத்தைப் பாருங்கள். பாரிஸில் கத்தரீன் லபூரே என்ற கன்னியர் 1830இல் கண்டதாகக் கூறிய காட்சியின் அடிப்படையில் உருவான ‘அற்புதப் பதக்கம்’ அது. பின்புறத்தில் சிலுவையோடு பிணைந்த ஓர் ஆங்கில ‘எம்’ எழுத்தும், அதன்கீழ் இரண்டு இதயங்களும், சுற்றிலும் பன்னிரண்டு விண்மீன்களும் இருக்கும். முதற்பதக்கம் அடிக்கப்பட்டதே 1832இல்தான். அதன்பின் இன்றுவரை அடிக்கப்படுபவற்றில் பலவற்றிலும் காட்சியின் ஆண்டாகிய 1830 இருக்கும். உங்கள் பதக்கம் எடையே இல்லாதது என்று எழுதியிருப்பதால் அது அலுமினியமாகத்தான் இருக்க வேண்டும். 1886இல் மலிவான தயாரிப்பு முறை கண்டுபிடிக்கப்படும்வரை அலுமினியம் விலையுயர்ந்த அரிய உலோகமாக இருந்தது. ஆகவே அது அதற்குப் பின்னர் அடிக்கப்பட்டது என்று தயங்காமல் சொல்லலாம். நம் கடற்கரை ஊர்களில் இத்தகைய பதக்கங்கள் இல்லாத கத்தோலிக்க வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சங்குக்காசின் 1118 கிறிஸ்து ஆண்டன்று, கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டு. அதனுடன் 825ஐக் கூட்டினால் 1943 வரும். நுட்பமாகச் சொன்னால் 1942 ஆகஸ்டு முதல் 1943 ஆகஸ்டு வரையிலான காலம். உங்கள் ஊர் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டில் இணைந்து தனி மாவட்டமானது 1956 நவம்பர் 1இல்தான். சங்கு அந்த அரசின் சின்னம். உங்களிடம் உள்ள சிறு வெள்ளிக்காசு ஒரு பணமாக இருக்கலாம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் (திருவிதாங்கூர்) ரூபாய் என்பது அன்றைய கணக்கு. பிரிட்டிஷ் ரூபாய்க்கு மட்டும் இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்க வேண்டும். அந்த அரைச் சக்கரத்துக்காகச் சந்தையில் எத்தனை வாக்குவாதம் நடந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறிய பழைய வெள்ளிச் சக்கரங்களை எண்ணுவதற்கென்று வரிசை வரிசையாகக் குழி தோண்டிய சக்கரப் பலகைகள் இருந்தன. உறவினர் வீட்டுப் பரணில் அப்படியொரு பலகை கிடைத்தால், அதை விறகாகவிடாமல் வாங்கி வையுங்கள்.

இனி, அந்த இரு போர்ப் பதக்கங்களுக்கு வருவோம். ஒரே போருக்கு 1918 என்றும் 1919 என்றும் இருப்பதால் இரண்டில் ஒன்று போலியோ என்று எண்ண வேண்டாம். குதிரைமீது வீரன் அமர்ந்திருக்கும் வெள்ளிப் பதக்கம், 1919இல் ஏற்படுத்தப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். அதில் சண்டை நடந்த ஆண்டுகள் 1914, 1918 என்று உள்ளன. சிறகு விரித்த வெற்றித் தேவதையின் உருவம் கொண்ட வெண்கலப் பதக்கம் வெற்றிப் பதக்கம். அதில் 1914–1919 என்று இருக்கும், ஏனெனில் போரை முறைப்படி முடித்துவைத்த வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூனில். பதக்கம் செயலுக்குப் பின்னரே வரும். நெய்யூர் மருத்துவமனையில் பல்லாண்டுகள் பணியாற்றிய டாக்டர் சாமர்வெல்லுக்கு, 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் முயற்சியில் பங்கேற்றதற்கான ஒலிம்பிக் பதக்கம் 1924ஆம் ஆண்டு விளையாட்டுகளில்தான் வழங்கப்பட்டது.

வெற்றிப் பதக்கம் போர்முனைப் பகுதிக்கே சென்று பணிபுரிந்தவர்களுக்கு மட்டும் உரியது. எனவே உங்கள் கணவரின் தாத்தா இங்கேயே படைமுகாமில் இருந்துவிட்டுத் திரும்பியவர் அல்லர். அவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்பதற்கான விடை விளிம்பில் இருக்கிறது. அவ்விரு பதக்கங்களின் விளிம்பிலும் பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை ஆங்கிலத்தில் பொடி எழுத்துகளாகப் பொறிக்கப்பட்டிருக்கும். மாலை வெயில் சாய்வாக விழும் இடத்தில் வைத்து, பூதக்கண்ணாடியால் படித்து, எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நம் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் திருத்தமாக இராது என்பதால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் அவை ஒரே மனிதருக்கு வழங்கப்பட்ட இணை. வெள்ளி விலை ஏறியபோதெல்லாம் இத்தகைய பதக்கங்கள் பல உலைக்குப் போயின. பெயரைச் சுரண்டிவிட்டு விற்றவர்களும் உண்டு. சேகரிப்பாளர்கள் அந்தப் பெயருக்காகத்தான் பணம் கொடுக்கிறார்கள், வெள்ளிக்காக அன்று.

துலக்குவது பற்றிய என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். விபூதி, புளி, பற்பொடி எதுவானாலும் மேற்பரப்பைத் தேய்க்கும். விளிம்பில் உள்ள பொடி எழுத்துகள்தான் முதலில் மழுங்கும். வெள்ளியின் கருமை அதற்குத் தீங்கன்று. செம்பிலும் வெண்கலத்திலும் வெளிர்பச்சைத் தூள் பூத்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். கடலுக்கு அருகில் இருப்பதால் உப்புக்காற்று அதை விரைவுபடுத்தும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ரப்பர் வளையம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்; மெத்தென்ற பிவிசி உறை காலப்போக்கில் பிசுபிசுப்பை உண்டாக்கும். பதக்கங்களில் நாடாத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால், எவ்வளவு நைந்திருந்தாலும் அதை அகற்றாதீர்கள்.

பங்கீட்டில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷச் சட்டம், 1972, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள நாணயங்களையும் வரலாற்று ஆர்வத்துக்குரிய பொருள்களையும் தொல்பொருளாகக் கருதுகிறது; அவற்றைத் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல முடியாது. போர்ப் பதக்கங்கள் அந்த வயதைத் தொட்டுவிட்டதால், இணையைப் பிரிக்காமல் இரண்டையும் இளையவரிடமே கொடுத்து, அவற்றைப் பெற்றவர் யார், எந்த வழியாக வீட்டுக்கு வந்தன என்று நீங்கள் கேட்டறிந்ததைக் கைப்பட எழுதி உடன் வையுங்கள். மூத்தவருக்குச் சங்குக்காசைக் கொடுங்கள். அதற்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை.