வரி வீதமும் நம் வீட்டுக் கணக்கும்: மலையக வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஹட்டன் தொடங்கி பண்டாரவளை வரையிலிருந்து வந்த கேள்விகளில் ஒன்றையொன்று ஒத்தவற்றைச் சேர்த்து விடை எழுதியிருக்கிறேன். தனியே ஆண்டு குறிப்பிடாத இடங்களில், 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி வீதங்களையும் 2024 ஜனவரியிலிருந்து அமுலிலுள்ள 18 சதவீத வற் வரியையும் (பெறுமதி சேர் வரி) வைத்தே கணக்குப் போட்டிருக்கிறேன்.

மஸ்கெலியா, தோட்டத் தொழிலாளியின் மகள்: எங்கள் வீட்டில் யாருக்கும் வருமான வரி கிடையாது. வரி வீதம் கூடினாலும் குறைந்தாலும் எங்களுக்கு என்ன வந்தது?

வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா, அதாவது மாதம் ஒன்றரை இலட்சம் ரூபா வரையிலான வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால், முதல் பாதியில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அரசுக்குக் கிடைக்கும் வரிப் பணத்தில் நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு பொருள்களிலும் சேவைகளிலும் மறைந்து வருவதுதான். சவர்க்காரம், பிஸ்கட், பற்பசை, சமையல் எரிவாயு, ரீலோட் ஆகியவற்றுக்கு உங்கள் வீட்டில் மாதம் 10,000 ரூபா செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். வற் வரி முழுமையாகச் சேர்ந்த விலையில் 118 ரூபாவுக்கு 18 ரூபா வரியாகும். அந்தக் கணக்கில் 10,000 ரூபாவுக்குள் 1,525 ரூபா வரி இருக்கிறது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளருக்கு அறிவிக்கப்பட்ட நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,550 ரூபா. ஆகவே மாதத்தில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலை, வரிக்கென்றே போடப்படுகிறது என்று சொன்னால் அது மிகையல்ல.

அரிசி, மரக்கறி, பஸ் கட்டணம் போன்றவற்றுக்கு வற் இல்லை என்பது ஓர் ஆறுதல். அதுவும் முழு ஆறுதல் அல்ல. 2024 ஜனவரியிலிருந்து டீசலுக்கு வற் உண்டு, பஸ் உரிமையாளர் அதைக் கட்டணத்தில் அல்லாமல் வேறெங்கே தேடிக்கொள்வார்? ஊரின் டாக்டரும் நீங்களும் ஒரே சவர்க்காரத்துக்கு ஒரே வரியைத்தான் கொடுக்கிறீர்கள். அது அவருடைய வருமானத்தில் தூசு, உங்களுடைய வருமானத்தில் ஒரு நாள் உழைப்பு.

கொட்டகலை, பலசரக்குக் கடைக்காரர்: நான் வற் வரிக்குப் பதிவு செய்யவில்லை. ஆனாலும் வரி கூடியவுடன் என் கடையில் விலை கூடுகிறது; வாடிக்கையாளர்கள் என்னையே திட்டுகிறார்கள். பிழை யாருடையது?

உங்களுடையது அல்ல. ஒரு பெட்டிச் சரக்கை உற்பத்தியாளர் 1,000 ரூபாவுக்கு விற்றால் 180 ரூபா வற் சேர்த்து 1,180 ரூபா வாங்குகிறார். விநியோகஸ்தர் தம் பங்குக்கு 100 ரூபா கூட்டி 1,100 ரூபாவாக்கி, அதற்குரிய 198 ரூபா வரியையும் சேர்த்து உங்களுக்கு 1,298 ரூபாவுக்குத் தருகிறார். தாம் ஏற்கெனவே கொடுத்த 180 ரூபாவைக் கழித்து மீதி 18 ரூபாவை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டுகிறார். பதிவில்லாத உங்களுக்கு அந்தக் கழிவு கிடையாது. எனவே 198 ரூபாவும் உங்கள் கொள்வனவு விலைக்குள் உறைந்துவிடுகிறது. நீங்கள் 102 ரூபா இலாபம் வைத்து 1,400 ரூபாவுக்கு விற்கும்போது, பற்றுச்சீட்டில் வரி என்ற சொல்லே இல்லாமல் 198 ரூபா வரி வாடிக்கையாளரின் தலையில் இறங்குகிறது. உங்கள் இலாபத்தின் மீது மட்டும் வரி ஏறுவதில்லை. சிறிய கடையில் வரியின் பங்கு 18 சதவீதக் கணக்கைவிடச் சற்றுக் குறைவதற்கு அதுவே காரணம்.

ஒரு விடயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதிவில்லாத ஒரு கடையில், எனக்குத் தந்த துண்டின் அடியில் பேனாவால் ‘வற் 18%’ என்று எழுதித் தொகையைக் கூட்டியிருந்தார்கள். பதிவு இலக்கத்தைக் கேட்டேன். கூட்டியதை வெட்டிவிட்டுச் சிரித்தார்கள். பதிவு செய்யாதவர் வற் என்று சொல்லிப் பணம் வாங்க முடியாது. அந்தப் பணம் அரசுக்குப் போவதும் இல்லை.

நுவரெலியா, உணவகம் நடத்துபவர்: என் வருடாந்தப் புரள்வு (மொத்த விற்பனைத் தொகை) 6 கோடி ரூபாவை நெருங்குகிறது. வற் பதிவு எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும்?

எல்லைகள் இரண்டு இருப்பதை முதலில் கவனியுங்கள். 2024 ஜனவரியில் வந்த விதிப்படி, பன்னிரண்டு மாதத்தில் 6 கோடி, அல்லது ஒரு காலாண்டில் ஒன்றரைக் கோடி ரூபா. இவற்றில் எதைத் தாண்டினாலும் வற் பதிவு கட்டாயமாகும். ஏப்ரல் வசந்த காலத்தில் கிரகரி வாவியைச் சுற்றி நிற்க இடமில்லாமல் ஜனம் வரும் உங்கள் ஊரில், வருடக் கணக்கு எல்லைக்குள் இருந்தாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டு எல்லையைத் தாண்டிவிடலாம். பலர் இதைக் கவனிப்பதில்லை.

தாண்டிய பின் விலைப்பட்டியலை மாற்றாமல் விட்டால், 6 கோடி ரூபா வரவில் 91 இலட்சம் ரூபாவுக்கு மேல் வற் வரிக் கணக்கில் சேரும். கொள்வனவில் கொடுத்த வற் வரியைக் கழிக்கலாம் என்றாலும், உணவகத்தின் பெருஞ்செலவுகளான மரக்கறி, அரிசி, சம்பளம் ஆகியவற்றில் கழிப்பதற்கு வற் இல்லை. எரிவாயு, குளிர்பானம், உபகரணம் போன்றவற்றில்தான் ஏதாவது தேறும். போதாததற்கு 2.5 சதவீதச் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் சேரும். அது புரள்வின் மீதான வரி என்பதால் கழிவே இல்லை. விலையைக் கூட்டினாலோ, எல்லைக்குக் கீழேயுள்ள பக்கத்து உணவகத்தோடு போட்டி போட முடியாமல் போகும். வளரக்கூடிய வியாபாரம் ஒன்று எல்லைக்கோட்டுக்குக் கீழே குந்திக்கொண்டிருப்பதற்கும், பில் போடாத விற்பனை பெருகுவதற்கும் இந்தப் படிக்கட்டுதான் காரணம். என் கருத்தில் 18 என்ற எண்ணைவிட வியாபாரத்துக்கு அதிக இடைஞ்சல் தருவது இதுவே. கடையை மனைவி பெயரிலும் மைத்துனர் பெயரிலும் இரண்டாகப் பிரித்துக் காட்டும் யோசனை உங்களுக்கு இருந்தால் கைவிடுங்கள். ஒரே அடுப்பில் சமைத்துவிட்டு இரண்டு வியாபாரம் என்று விசாரணையில் நிரூபிப்பது எளிதல்ல.

பதுளை, உயர்தர வணிகப் பிரிவு மாணவர்: வரி வீதத்தைக் குறைத்தால் வியாபாரம் பெருகி, அரசின் வருமானமும் தானாகக் கூடும் என்று படித்தோம். 2019இல் குறைத்தபோது ஏன் அப்படி நடக்கவில்லை?

அந்தக் கோட்பாடு, வீதம் அளவுக்கு மீறி உயர்ந்திருக்கும் இடத்துக்கு மட்டுமே பொருந்தும். அதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. சாராயத்தின் மீதான வரி ஏற ஏறத் தோட்டத்துக்குப் பக்கத்தில் கசிப்பு பெருகும்; ஓர் எல்லைக்குப் பின் வீதத்தைக் கூட்டினால் திறைசேரிக்கு வருவது குறையும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கூடுவார்கள். ஏனென்றால் அங்கே வரி கட்டாத மாற்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

2019இன் நிலை அதுவல்ல. அந்த ஆண்டு டிசம்பரில் வற் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. அடுத்த ஜனவரியில் சம்பளத்திலிருந்து கட்டாயமாகக் கழிக்கும் வருமான வரி முறையும் போனது. எல்லோரும் 8 சதவீதத்தையே பேசினார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் பதிவு எல்லையில் நடந்தது: 1 கோடி 20 இலட்சமாக இருந்த வருடாந்தப் புரள்வு எல்லை ஒரேயடியாக 30 கோடியாக்கப்பட்டது. வீதத்தைக் குறைத்தால் வலையில் அகப்படும் மீனின் அளவு குறையும். எல்லையை உயர்த்தினாலோ வலையே சுருங்கிவிடும். அந்த வியாபாரங்கள் கோப்பிலிருந்தே வெளியேறிய பின், அவை எவ்வளவு பெருகினாலும் அவற்றிடமிருந்து அரசுக்கு வற் வரியாக ஒரு சதமும் நேரே வராது.

பின்னர் கொவிட் வந்தது; எல்லாப் பழியையும் வரிக் குறைப்பின் மீது போடுவது நியாயமல்ல. ஆயினும் 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்த வரி வருமானம் 2021இல் 8 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பற்றாக்குறையை மத்திய வங்கி பணம் அச்சிட்டு நிரப்பியது, வெளிநாட்டுச் சந்தைகள் கடன் தர மறுத்தன, 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அதன் பின் வற் வரி 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என ஏறி, குறைக்கும் முன் இருந்த இடத்தையும் தாண்டிச் சென்றது. பதிவு எல்லையும் முதலில் 8 கோடிக்கும் பின்னர் 6 கோடிக்கும் இறக்கப்பட்டது. பரீட்சையில் எழுதும்போது வீதம், எல்லை, நிர்வாகம் ஆகிய மூன்றையும் பிரித்து எழுதுங்கள்.

தலவாக்கலை, வங்கி உத்தியோகத்தர்: சம்பளம் கூடி அடுத்த படிக்குப் போனால் முழுச் சம்பளத்துக்கும் கூடிய வரி வெட்டப்படுமா? பதவி உயர்வே வேண்டாம் என்கிறார் என் நண்பர்.

நண்பரைப் பதவி உயர்வை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். உயர்ந்த வீதம் அந்தப் படிக்குள் விழும் ரூபாவுக்கு மட்டுமே உரியது. 18 இலட்சத்துக்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்தடுத்த ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30, எஞ்சியதற்கு 36. மாதம் 2 இலட்சம் பெறுபவருக்கு இன்று மாத வரி 3,000 ரூபா. இதே சம்பளத்துக்கு 2023 ஜனவரியிலிருந்து 2025 மார்ச் வரை 10,500 ரூபாவும், அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளில் சதமும் இல்லாமலும் இருந்தது. குடும்பங்களை அலைக்கழித்தது இந்தத் தாவல்தான்: வரியில்லாத சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் எடுத்தவர்களுக்கு, விலைவாசியும் வட்டியும் ஏறிய அதே வேளையில் வரியும் வந்து சேர்ந்தது.

டிக்கோயா, தொழிற்சங்கச் செயற்பாட்டாளர்: 30 சதவீத வரி கட்டுவதால் சம்பளத்தை உயர்த்த முடியாது என்று கம்பனிகள் சொல்வது சரியா?

அந்த வடிவத்தில் சரியல்ல. 30 சதவீதம் இலாபத்தின் மீது விதிக்கப்படுவது. சம்பளம் இலாபத்தைக் கணக்கிடும் முன்பே கழிக்கப்படும் செலவு. இலாபம் ஈட்டும் கம்பனி சம்பளத்துக்கு மேலதிகமாக 1 கோடி ரூபா கொடுத்தால், அதன் வரி 30 இலட்சம் குறைகிறது. கம்பனியின் கையிலிருந்து உண்மையில் போவது 70 இலட்சம். நட்டத்தில் ஓடும் கம்பனிக்கு இந்த வரியே இல்லை. கம்பனிகள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. 14, 18 என்றிருந்த சலுகை வீதங்கள் 2022 ஒக்டோபரில் நீக்கப்பட்டு 30 ஆனபோது, வரிக்குப் பின் மிஞ்சும் தொகை சுருங்கியது. பலன் தரப் பல ஆண்டுகள் எடுக்கும் மறுநடுகை போன்ற முதலீட்டைத்தான் அது முதலில் பாதிக்கும். ‘சம்பளம் கொடுக்க முடியாது’ என்பதைவிட ‘புதுக் கன்று நட முடியாது’ என்று அவர்கள் சொன்னால் நான் கூடுதலாக நம்புவேன்.

2026 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட மொத்த நாட்சம்பளமான 1,750 ரூபாவில் 200 ரூபாவை வருகைக் கொடுப்பனவாக அரசே தருகிறது. அது திறைசேரியின் பணம். தொழிலாளி சவர்க்காரத்துக்குக் கொடுத்த வற் வரியும் அதில் கலந்தே இருக்கிறது.

பொகவந்தலாவை, ஓய்வுபெறவுள்ள தொழிலாளியின் மகன்: ஊழியர் சேமலாப நிதிக்கும் வரி வீதத்துக்கும் என்ன தொடர்பு?

2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, ஓய்வூதிய நிதியங்கள் தம்மிடமிருந்த திறைசேரி முறிகளை (அரசின் கடன் பத்திரங்களை) கொடுத்துவிட்டு, 2025 வரை 12 சதவீதமும் அதன் பின் 9 சதவீதமும் வட்டி தரும் புதிய முறிகளை வாங்க வேண்டும் என்று அரசு கேட்டது. இணங்கும் நிதியத்துக்கு அந்த வருமானத்தின் மீது 14 சதவீத வரி தொடரும், இணங்காததற்கு 30 சதவீதம் என்று சட்டம் திருத்தப்பட்டது. ஊழியர் சேமலாப நிதி இணங்கியது. இங்கே வரி வீதம் வருமானம் திரட்டும் கருவியாக அல்ல, கையொப்பம் வாங்கும் பிரம்பாகப் பயன்பட்டது என்பதே என் மதிப்பீடு. சந்தை வட்டி மிக உயர்ந்திருந்த காலத்தில் கைவிட்ட அந்த வித்தியாசம், நாட்சம்பளத்தில் 8 சதவீதத்தைப் பல்லாண்டுகளாகக் கட்டிவந்த உங்கள் தந்தை போன்றோரின் கணக்கில் சத்தமில்லாமல் பதிந்திருக்கிறது.

வெலிமடை, உருளைக்கிழங்கு விவசாயி: இறக்குமதி வரியை எப்போதும் உயர்த்தியே வைத்தால் என்ன?

அறுவடைக் காலத்தில் இறக்குமதிக் கிழங்கின் மீதான விசேட பண்ட அறவீட்டை உயர்த்துவதற்கு நியாயம் உண்டு. எப்போதும் உயர்த்தி வைத்தால், உங்கள் கிழங்கு இல்லாத மாதங்களிலும் லயத்துக் குடும்பம் கூடிய விலை கொடுக்கும். அதனால் உங்களுக்கு எந்த நன்மையும் இல்லை.

நோர்வூட், வீட்டு உரிமையாளர்: சோலைவரியும் கொழும்புக்கா போகிறது?

இல்லை, வீட்டுக்காகக் கட்டும் அந்த வரி உங்கள் உள்ளூராட்சி மன்றத்துக்கே உரியது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. 2018இல் அது திருத்தப்பட்டது. ஆகவே தோட்டப் பாதையைத் திருத்தித் தரும்படி கேட்டால், ‘சட்டம் இடம் தராது’ என்ற பழைய பதிலை இனி ஏற்க வேண்டியதில்லை.

ஹாலி-எல, ஓய்வுபெற்ற ஆசிரியை: நிலையான வைப்பில் 10 இலட்சம் போட்டிருக்கிறேன். எனக்கு வருமான வரி இல்லாதபோதும் வட்டியில் வெட்டுகிறார்களே?

அது பிடித்துவைத்தல் வரி; 2025 ஏப்ரலிலிருந்து 5 சதவீதம் 10 சதவீதமாகியது. வைப்புக்கு வருட வட்டி 80,000 ரூபா என்றால் 8,000 ரூபா கழியும். உங்கள் மொத்த வருமானம் வருடத்துக்கு 18 இலட்சத்துக்கு மேற்படாது என்று வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் கழிக்க மாட்டார்கள். அதற்கு வரி செலுத்துநர் அடையாள இலக்கம் தேவை. இலக்கம் எடுப்பதாலேயே வரி கட்ட நேரும் என்று பயப்பட வேண்டாம். வரி வருடம் ஏப்ரல் 1ஆம் திகதி தொடங்குவதால், அதை ஒட்டியே புதிய படிவத்தைக் கையளித்து, முத்திரை குத்திய பிரதியொன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.